புத்தக மண்டி தரும் பாடம்



மளிகை மொத்த வியாபாரிக்குப் புத்தகத் தொழிலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு 1978இல் தகப்பனாரின் பருப்பு மண்டியில் உட்கார்ந்தவன் நான். பேரேட்டைத் தவிர வேறு புத்தகத்தை அதிகம் புரட்டியவன் அல்லன்.

ஆனால் ஒரு விஷயத்தை எண்ணிப் பாருங்கள். இன்று துவரம்பருப்பையும் சோப்பையும் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் அமேசான் நிறுவனம், 1995 ஜூலையில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் புத்தகக் கடையாகத்தான் ஆரம்பமானது. புத்தகம் அழுகாது, எடை குறையாது, புழு விழாது. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே சரக்குதான். கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சோதிக்க வேண்டியதில்லை. அதனால் முதல் அடி புத்தக வியாபாரிகளின் தலையில் விழுந்தது. நமக்கு நேற்று வந்த வெள்ளம் அவர்களுக்கு முப்பது வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. அதில் யார் கரையேறினார்கள், யார் முழுகினார்கள் என்று பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும் அல்லவா? அச்சுத் தொழிலில் இருக்கும் என் மருமகன் சொன்னதையும், பின்பு நானே தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

அச்சுத் தொழிலில் நடந்த மாற்றம்

ஈய எழுத்தைக் கோத்து அடித்த காலம் போய், கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்து பிளேட் போட்டு ஆப்செட்டில் அடிக்கும் காலம் வந்தது. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. பிளேட் போடுவதற்கும் மிஷினைத் தயார் செய்வதற்கும் ஆகும் செலவு 10 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். ஆகவே பதிப்பாளர் அடக்க விலையைக் குறைக்க ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அடித்தாக வேண்டும். நானூறு விற்கும். மீதி கட்டுக்கட்டாகக் கிடங்கில் கிடக்கும். முதல் முடங்கும், வட்டி ஏறும், கடைசியில் கரையானுக்குப் போகும்.

டிஜிட்டல் மிஷினில் பிளேட் கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கும் பக்கம் நேராகக் காகிதத்தில் விழுகிறது. ஒரே ஒரு பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம். பிரதிக்கு அடக்க விலை கூடும். ஆனால் முதல் முடங்காது. ஆர்டர் வந்த பிறகு சரக்கு உண்டாகிறது. நம் தமிழ்ப் பதிப்பாளர்களும் இன்று நூறு, இருநூறு என்று அடித்து, தீர்ந்தபின் மறுபடி அடிக்கிறார்கள்.

மூன்றாவதாக மின்நூல் வந்தது. அமேசானின் கிண்டில் கருவி 2007 நவம்பரில் வெளிவந்தது. தமிழ் நூல்களை 2016 டிசம்பரில் அதில் சேர்த்தார்கள். இதோடு காகிதப் புத்தகம் ஒழிந்தது என்று அப்போது பலர் சொன்னார்கள். ஒழியவில்லை. அமெரிக்காவில் இன்றைக்கும் விற்பனையில் பெரும்பகுதி அச்சுப் புத்தகம்தான். புதுக் கருவியைவிட வியாபாரிகளைக் கவிழ்த்தது ஆர்டர் எடுக்கும் முறையும், சரக்கு வைக்கும் முறையும் மாறியதுதான்.

இரண்டு மொத்த வியாபாரிகள்

அமெரிக்காவில் புத்தக மொத்த வியாபாரத்தில் இரண்டு பெரிய கம்பெனிகள் இருந்தன. ஒன்று 1828இல் தோன்றிய பேக்கர் அண்ட் டெய்லர். இன்னொன்று டென்னசி மாநிலத்தில் 1960களில் பள்ளிப் பாடநூல் கிடங்காக ஆரம்பித்த இங்ரம்.

இங்ரம் கம்பெனி 1970களின் தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தது. தன் கிடங்கில் என்னென்ன புத்தகம் எத்தனை இருக்கிறது என்ற பட்டியலைச் சிறு பிலிம் தகட்டில் பதிவு செய்து வாராவாரம் கடைகளுக்கு அனுப்பியது. தகட்டைப் படிக்கும் கருவியையும் வாடகைக்குக் கொடுத்தது. கடைக்காரர் தன் கல்லாவில் உட்கார்ந்தபடியே மொத்த வியாபாரியின் இருப்பைத் தெரிந்துகொண்டார். பிறகு 1997இல், அதே கம்பெனி டிஜிட்டல் அச்சு இயந்திரங்களை வாங்கிப் போட்டு, ஆர்டர் வந்தால் ஒரு பிரதிகூட அடித்து அனுப்பத் தொடங்கியது. சரக்கை அடுக்கி வைத்துப் பிழைத்தவரே சரக்கை அவ்வப்போது உண்டாக்கித் தருபவராகவும் ஆகிவிட்டார். இன்றும் அந்தக் கம்பெனி நடக்கிறது.

பேக்கர் அண்ட் டெய்லரிடம் மட்டும் கம்ப்யூட்டர் இல்லையா? இருந்தது. ஆனால் 2019இல் சில்லறைப் புத்தகக் கடைகளுக்குச் சரக்கு கொடுப்பதை நிறுத்திவிட்டு, நூலகங்களையே பெரிதும் நம்பியது. 2022இல் விஷமிகள் அதன் கம்ப்யூட்டர்களைத் தாக்கியதில் வேலை தடைப்பட்டது. 2025இல் வாங்க வந்த கம்பெனியும் பின்வாங்கியது. அக்டோபரில் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டது. ஏறக்குறைய இருநூறு வருஷத்துப் பெயர்! வீழ்ச்சிக்கு ஒரே காரணம் சொல்வது சரியல்ல. ஆனாலும் சின்னச் சின்னக் கடைகளை உதறிவிட்டு ஒரே வகை வாடிக்கையாளரிடம் போய் நின்றால், அந்தக் கால் இடறும்போது ஊன்றிக்கொள்ள மறு கால் இருக்காது என்பது என் எண்ணம்.

என் பேரேடு சொல்வது

ஊரார் கதையை மட்டும் சொல்லி என் கதையை மறைப்பது நாணயம் ஆகாது. பத்து வருஷத்துக்கு முன் என் பேரேட்டில் 210 கடைகள் இருந்தன. பின்பு அது 130 ஆகக் குறைந்தது. குறைந்த கடைகளில் சில மூடப்பட்டவை. பல, செல்போனில் நேராக ஆர்டர் எடுக்கும் பெரிய கம்பெனிகளிடம் போனவை.

இருபது வருஷ வாடிக்கையாளர் ஒருவர் வரவு நின்றதும் அவர் கடைக்கே போய்க் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணாச்சி, உங்ககிட்ட என்ன சரக்கு இருக்கு, இன்னைக்கு என்ன விலைன்னு தெரிஞ்சிக்கிடவே நான் கடையை அடைச்சிட்டு வரவேண்டியிருக்கு. அங்கன்னா ராத்திரி பத்து மணிக்குப் போன்லயே பாத்துக்கிடுதேன்."

அவர் விலையைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. விலையை மறைத்து வைப்பதே மொத்த வியாபாரியின் பலம் என்று தகப்பனார் காலத்திலிருந்து நம்பி வந்தேன். தினசரி விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் போடலாம் என்று என் மகன் சொன்னபோது, "எதிர்க்கடைக்காரன் பார்த்துவிடுவான்" என்று தடுத்தவன் நான். அமெரிக்கப் புத்தக வியாபாரி ஐம்பது வருஷத்துக்கு முன் பிலிம் தகட்டில் செய்ததை, கையில் செல்போனை வைத்துக்கொண்டே நான் செய்யவில்லை. என்னை விட்டுப் போன கடைகளில் பாதியையாவது கம்ப்யூட்டர் கொண்டுபோகவில்லை. என் பிடிவாதம்தான் அனுப்பி வைத்தது.

சங்கத்தால் ஆனது

அடுத்தது சங்கத்தைப் பற்றியது. ஆகவே கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

1998 நவம்பரில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற பெரிய புத்தகக் கடைச் சங்கிலி, இங்ரம் புத்தக மண்டியை 60 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. சிறு கடைக்காரர்கள் அதிர்ந்து போனார்கள். அவர்கள் கொள்முதல் செய்வது அந்த மண்டியில். நாளை அது போட்டிக்காரரின் கைக்குப் போனால், தாங்கள் என்ன வாங்குகிறோம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு வெளிச்சமாகிவிடுமே! அமெரிக்கப் புத்தக வணிகர் சங்கம் நாடு முழுவதும் எதிர்ப்பைத் திரட்டியது. மத்திய வர்த்தக ஆணையத்தின் அதிகாரிகளும் இது கூடாது என்றே பரிந்துரைத்தார்கள். 1999 ஜூனில் அந்தப் பேரம் கைவிடப்பட்டது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பார்டர்ஸ் என்ற இன்னொரு பெரிய சங்கிலிக் கடை, 2001இல் தன் இணைய விற்பனையை அமேசானையே நடத்தச் சொல்லி ஒப்படைத்தது. 2008இல்தான் திரும்பப் பெற்றது. 2011இல் திவாலாகி, மீதமிருந்த சுமார் 400 கடைகளையும் மூடியது. அந்தத் திவாலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தன் வாடிக்கையாளரை ஏழு வருஷம் போட்டிக்காரரின் கல்லாவுக்கு அனுப்பிப் பழக்கியவர் பின்பு யாரை நோக?

இப்போது நம்மைப் பார்ப்போம். நம் சில்லறை வணிகர்கள் எந்தச் செயலியில் சரக்கு வாங்குகிறார்களோ, அதை நடத்துபவரே பக்கத்துத் தெருவில் சொந்தமாகச் சில்லறைக் கடையும் வைத்திருந்தால் என்ன ஆகும்? உங்கள் கடையில் எந்தச் சரக்கு எந்த நாளில் எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு முழுவதும் அவர் கையில். மாசக் கடைசியில் எந்தச் சரக்கில் விலையைக் குறைத்தால் உங்கள் கூட்டம் அங்கே திரும்பும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு ரூபாய் மலிவு என்று பார்க்கும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

"பருப்பு வேறு, புத்தகம் வேறு"

பருப்பை அச்சடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் ஆர்டருக்கேற்ற அளவில் கொடுக்க முடியும். 50 கிலோ மூட்டையாகத்தான் தருவேன் என்று நான் சொல்வதும், ஆயிரம் பிரதி அடித்தே தீருவேன் என்று பழைய அச்சகம் சொன்னதும் ஒன்றே. சின்னக் கடைக்காரருக்கு இன்று பத்து வகையில் ஐந்தைந்து கிலோ போதும். என் மண்டியில் இப்போது முதல் நாள் மாலைக்குள் வரும் ஆர்டருக்கு, மறுநாள் காலையில் ஐந்து கிலோ, பத்து கிலோவாக நிறுத்துக் கொடுக்கிறோம். கூலி கூடுகிறது, கிலோவுக்குச் சிறிது விலையும் கூட்டித்தான் போடுகிறேன். ஆனாலும் விட்டுப்போன கடைகளில் பதினோரு கடைகள் திரும்பியிருக்கின்றன. பொட்டலம் கட்டி லேபிள் போட்டால் எடைச் சட்டம், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் உண்டு. 25 கிலோ வரையுள்ள லேபிள் பொட்டலத்துக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் நினைவிருக்கும். ஆகவே ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொரு மறுப்பும் உண்டு. அடக்க விலைக்கும் கீழே நஷ்டத்துக்கு விற்பவனோடு எப்படிப் போட்டி போடுவது? இது உண்மையான குறை. நம்முடைய எம்.ஆர்.பி. மேல் வரம்பு மட்டுமே. கீழ் வரம்பு கிடையாது. போட்டிச் சட்டப்படியும், சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ளவர் என்று நிரூபித்தால்தான் நஷ்ட விலை விற்பனை குற்றமாகும். பிரான்ஸ் நாட்டில் 1981 முதலே, புதிய புத்தகத்துக்குப் பதிப்பாளர் வைத்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் கழிவு கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இலவசமாக அனுப்புகிறேன் என்று அதிலும் சிலர் புகுந்தபோது, 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்கு அனுப்பும் கட்டணமாக 3 யூரோவாவது வாங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் நடைமுறைப்படுத்தினார்கள். சின்னக் கடை ஊருக்கு வேண்டும் என்று ஒரு தேசம் நினைத்தால் சட்டத்துக்கு வழி இருக்கிறது.

என்ன செய்யலாம்?

ஆன்லைன் வர்த்தகத்தையே தடை செய் என்ற கோரிக்கை நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தடை வரும் என்று காத்திருக்கும் காலத்தில் இன்னும் பல கடைகள் மூடிவிடும். அதற்குப் பதிலாக நான்கு யோசனைகளைச் சங்கத்தின் பார்வைக்கு வைக்கிறேன்.

ஒன்று, மொத்த வியாபாரிகள் ஒவ்வொருவரும் இருப்பையும் விலையையும் தினமும் செல்போனில் அனுப்புவது. இரண்டு, கேட்ட அளவில் சரக்கு கொடுப்பது.

மூன்று, சங்கமே ஒரு பொது ஆர்டர் முறையை ஏற்படுத்துவது. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் புக்ஷாப் என்ற இணையக் கடை தொடங்கியது. அதில் ஒருவர் தம் ஊர்க் கடையின் பக்கத்தில் ஆர்டர் கொடுத்தால், முன்பு சொன்ன இங்ரம் கிடங்கிலிருந்து புத்தகம் வீட்டுக்குப் போகும். அச்சிட்ட விலையில் 30 சதவீதம் அந்தக் கடைக்குச் சேரும். கடைக்காரர் சரக்கு வைக்கவில்லை, வண்டி அனுப்பவில்லை. வாடிக்கையாளர் மட்டும் அவருடையவராகவே இருக்கிறார். நம் லாப விகிதத்தில் 30 சதவீதம் கனவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் முறை நல்ல முறை.

நான்கு, நஷ்ட விலை விற்பனைக்குக் கீழ் வரம்பு வேண்டும், மொத்த ஆர்டர் எடுப்பவர் அந்தக் கணக்கைத் தன் சில்லறைக் கடைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற இரண்டு கோரிக்கைகளை மட்டும் தெளிவாக எழுதி அரசிடம் கொடுப்பது. இருபது கோரிக்கை கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

மொத்த வியாபாரி தேவையா என்ற கேள்வியை இனிக் காலம் ஒவ்வொரு நாளும் கேட்கும். எனக்கு அறுபது கடந்துவிட்டது. இன்னும் சில வருஷம் பழைய முறையிலேயே ஓட்டிவிட்டுப் போகலாம். ஆனால் மண்டியில் எனக்குப் பின் உட்காரப் போகிற மகனும், என்னிடம் வாங்கும் 141 கடைக்காரர்களும் அப்படிப் போக முடியாது. அதனால்தான் இதை எழுதினேன். என் கருத்தில் பிழை கண்டவர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம், திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மொத்த வியாபாரி ஒருவன்