குஞ்சு வாங்க முதல் சேவலைப் பற்றிக் கதைப்போம்

ஈஸ்டர் நெருங்கினால் ஒவ்வொரு வருசமும் யாராவது ஒருவர் என்னிடம் இந்தக் கேள்வியோடு வருவார். இந்த முறை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு தங்கச்சி. பதின்மூன்று வயதிருக்கும். "அக்கா, கோழிக்குஞ்சு எங்க வாங்கலாம்? இந்த மாதிரி மஞ்சளா வேணும்" என்று கைபேசியில் படம் காட்டினாள். "அதில பாதி சேவலா வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "சேவலையும் வளர்ப்பன்" என்றாள். 2022ல் நானும் இதைத்தான் சொன்னேன், அதே வேகத்தில்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சேவல்களை என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லத் தெரியாத ஒருவர் குஞ்சு வாங்கக் கூடாது. கூடு எங்கே வைப்பது, தீன் என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்விகள்.

என் கதை இதுதான். எங்களுக்கு வீட்டோடு தோட்டம் இல்லை. அப்பாவோடு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஸ்வாபியத் தாத்தாவுக்கு ரோராக்கர் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில், சரிவில் ஒரு கூட்லே இருக்கிறது. ஸ்டுட்கார்ட்காரர் இந்தத் துண்டுத் தோட்டங்களை அப்படித்தான் சொல்வார்கள். அதில் ஒரு பழைய கோழிக்கூடு சும்மா கிடந்தது. தாத்தா முழங்கால் வலியில் கோழி வளர்ப்பதை விட்டிருந்தார். "நீ பார்த்துக்கொள்வதென்றால் எடு" என்றார். யூ9ல் ஹெடல்ஃபிங்கன் வரை போய் அங்கிருந்து மேலே ஏற வேண்டும். காலையும் மாலையும், மழை, பனி என்று பார்க்காமல் போக வேண்டும். கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

2022 எனக்கு நல்ல வருசமாகப் பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வருசம் ஜனவரி 1ஆம் திகதிதான் ஜெர்மனியில் ஆண் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இந்த நாட்டில் வருசத்துக்குச் சுமார் 45 மில்லியன் ஆண் குஞ்சுகள், பொரித்த அன்றே, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு வாயு கொடுத்துக் கொல்லப்பட்டன. காரணம் கொடூரம் அல்ல, கணக்கு. இன்றைய கோழிகள் இரண்டு இனமாகப் பிரிந்துவிட்டன. ஒன்று முட்டைக்கு, மற்றது இறைச்சிக்கு. முட்டைக் கோழி வருசத்துக்கு 300 முட்டை வரை இடும். காட்டுக்கோழி ஒரு வருசத்தில் இடுவது பத்துப் பதினைந்துதான். இறைச்சிக் கோழி ஐந்தாறு கிழமையில் கடைக்குத் தயார். முட்டை இனத்தில் பிறக்கும் ஆண் குஞ்சு இரண்டுக்கும் உதவாது. முட்டை இடாது, மூன்று மாதத்துக்கு மேல் தீன் போட்டாலும் சதை வைக்காது. ஆகவே முதல் நாளிலேயே முடித்துவிட்டார்கள். சட்டம் வந்ததும், இனி அந்தக் கவலை இல்லை என்று நினைத்தேன். அப்போது இருபத்திரண்டு வயது. சட்டம் போட்டால் பிரச்சினை முடிந்தது என்று நம்புகிற வயது.

குஞ்சு வாங்க முதல் நான் ஒழுங்காகச் செய்த இரண்டு வேலைகளைச் சொல்கிறேன், இதைப் பலர் செய்வதில்லை. ஒன்று, கால்நடை அலுவலகத்தில் பதிவு. இந்த நாட்டில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிய வேண்டும். இரண்டு, நியூகாசில் நோய்க்கான தடுப்பு மருந்து. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லி ஒரே இரவில் கூட்டைக் காலி பண்ணுகிற அதே நோய். அதற்கான தடுப்பு இங்கே எல்லாக் கோழிகளுக்கும் கட்டாயம். சின்னக் குப்பி வாங்கினாலே நூற்றுக்கணக்கான கோழிகளுக்குக் காணும். என்னிடமோ ஆறு. அதனால் பக்கத்துச் சிறுபிராணி வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்து, எல்லோரும் ஒரே நாளில் தண்ணீரில் கலந்து கொடுக்கும்போது நானும் வாங்கிக்கொண்டேன். சராசரி வயது எழுபது இருக்கும் அந்தக் கூட்டத்தில் நான் மட்டும் கறுப்புத் தலை. நல்ல மனிதர்கள்.

குஞ்சுகள் ஸுண்ட்ஹைமர் இனம். எங்கள் மாநிலத்துக்காரர்தான், கேல் நகரத்துப் பக்கத்தில் உள்ள ஸுண்ட்ஹைம் என்ற ஊரின் பெயர். வெள்ளைச் சிறகில் கழுத்தில் கறுப்பு வரி. முட்டைக்கும் இறைச்சிக்கும் இரண்டுக்கும் ஆகிற பழைய இனம், இப்போது அருகிவிட்டது. ஆண் பெண் பிரிக்காத குஞ்சுகள் ஆறு எடுத்தேன். ஒருநாள் குஞ்சில் ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் பார்த்துச் சொல்ல முடியாது. விற்றவர் அதைச் சொல்லித்தான் விற்றார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

முதல் கிழமை 32 முதல் 35 பாகை சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு இரண்டு மூன்று பாகை குறைத்துக்கொண்டு வர வேண்டும். சிவப்பு விளக்கு வேண்டாம், சூட்டுத் தட்டு வாங்குங்கள். விளக்கு விழுந்தால் வைக்கோல் எரியும். ஆனால் வெப்பமானியை விடக் குஞ்சுதான் சரியாகச் சொல்லும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு கூட. பரவித் தின்றுகொண்டிருந்தால் சரி. தண்ணீர்த் தட்டில் சின்னக் கற்கள் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு விரல் ஆழத் தண்ணீரிலும் மூழ்கும். பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் இளம் சூட்டுத் தண்ணீரில் பஞ்சு நனைத்து மெதுவாக எடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அடைத்துச் செத்துப்போகும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துக்கொண்டிருக்க, அம்மா வந்து ஒரு குஞ்சைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதுக்குத் துடைச்சு விடு" என்றார்.

அம்மா அதுவரை கூட்லே பக்கம் வரவே இல்லை. மானிப்பாயில் அம்மம்மா வீட்டில் எப்போதும் பத்துப் பதினைந்து கோழிகள் நின்றனவாம். அடைக்கு வைக்கிறபோது முட்டைகளுக்கு நடுவில் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் வைப்பார்கள், இடி முழங்கினால் கூழ்முட்டை ஆகாமலிருக்க. குஞ்சுகளைக் கரப்பால் மூடி வைப்பார்கள், காகமும் கீரியும் தூக்காமலிருக்க. இதெல்லாம் அம்மா சொல்லித் தெரியும். தெரியாதது, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அம்மம்மா கூட்டுக் கதவைத் திறந்துவிட்டுத்தான் வெளிக்கிட்டார் என்பது. தென்மராட்சிக்குப் போகிற வழியில் அந்தச் சனநெரிசலில் அம்மாவுக்கு வேறெதுவும் யோசிக்கத் தோன்றவில்லையாம், அடையில் இருந்த பேடு முட்டையை விட்டு எழும்பியிருக்குமா என்பதைத் தவிர. இதை அம்மா எனக்குச் சொன்னது குஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாவது கிழமையில் நான்கு குஞ்சுகளின் கொண்டை சிவக்கத் தொடங்கியது. ஆறில் நான்கு சேவல்!

நான்காம் மாதம் கூவத் தொடங்கின. சரிவில் கூவினால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பக்கத்துக் கூட்லேக்காரர் முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. சேவல்கள் ஒன்றையொன்று கொத்தி இரத்தம் வந்தது. இரண்டே இரண்டு பேட்டுக்கு நான்கு சேவல் ஏறினால் பேட்டின் முதுகில் இறகு இருக்காது, தோல் கிழியும். நான் விளம்பரம் போட்டேன்: 'அழகான சேவல், இலவசம், நல்ல இடத்துக்கு மட்டும்'. போட்டுப் பார்த்தபோதுதான் அந்தப் பக்கம் முழுக்க அழகான இலவசச் சேவல்கள் இருப்பது தெரிந்தது. விலங்குக் காப்பகம் ஒன்றுக்குப் போன் பண்ணினேன். சேவலுக்கு இடமில்லை என்றார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்றை ஸ்வாபிய மலைப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் எடுத்தார். மிச்சம் மூன்று.

அம்மாவிடம் அழுதேன். அம்மா சொன்னார்: "வளர்க்கிறதெண்டால் வெட்டவும் தெரிஞ்சிருக்கோணும். இல்லாட்டி வெட்டுற ஆளையாவது தெரிஞ்சிருக்கோணும்." எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு ஈவிரக்கம் இல்லை என்று மனதுக்குள் சொன்னேன். அதே கிழமைதான் நண்பர்களோடு கான்ஸ்டட் திருவிழாவுக்குப் போய் அரைக் கோக்கெலே சாப்பிட்டேன், பொரித்த கோழியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தத் திருவிழாவே 1816இன் பஞ்சத்துக்குப் பிறகு, 1818ல் விவசாயத் திருவிழாவாகத் தொடங்கியது. இப்போது அங்கே யாருக்கும் விவசாயம் ஞாபகம் வருவதில்லை, எனக்கும் வரவில்லை. எலும்பைக் கடதாசியில் சுற்றும்போதுதான் வந்தது. ஆறு கிழமை மட்டும் வாழ்ந்த ஒரு கோழியைச் சாப்பிட்டுவிட்டு, ஆறு மாதம் வெயிலில் ஓடித்திரிந்த கோழியை வெட்டச் சொன்ன அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்றிருக்கிறேன்.

நம் வயதில் நிறையப் பேர் இதைச் செய்கிறோம். ஊரில் பெரியவர்கள் கோழி வெட்டிய கதையைக் கேட்டால் முகம் சுளிப்போம், விங்ஸ் பெட்டியைத் திறக்கும்போது சுளிக்க மாட்டோம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் என்னைத் திட்ட முழு உரிமை இருக்கிறது. ஆனால் முட்டை சாப்பிடுகிற மரக்கறிக்காரர்களே, உங்கள் முட்டைக்கும் ஒரு அண்ணன் இருந்தான்.

அந்த மூன்றையும் அப்பா வெட்டவில்லை. இங்கே மயக்கமடையச் செய்யாமல் கழுத்தறுக்க முடியாது, செய்கிறவருக்கு அது முறையாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். சங்கத்தில் ஒரு பெரியவர் செய்துதந்தார். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். அதுதான் என் பங்கு, அதிலிருந்து தப்பக் கூடாது என்று நினைத்தேன். அம்மா கறி வைத்தார். முதல் துண்டு இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது. நல்ல ருசி என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நல்ல ருசி.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இப்போது பல பொரிப்பகங்கள் முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்கின்றன. ஆண் முட்டையை அடையின் 12ஆம் நாளுக்குப் பிறகு அழிக்கக் கூடாது என்பது 2024 முதல் விதி. சில பண்ணைகள் ஆண்களையும் வளர்த்து, முட்டையில் சில சென்ட் கூட வாங்குகின்றன. இதெல்லாம் முன்னேற்றம்தான். ஆனால் சட்டம் ஜெர்மனியில் பொரிக்கும் குஞ்சுக்குத்தான். தடை இல்லாத நாட்டில் பொரித்த கோழியின் முட்டை இங்கே விற்பனைக்கு வரலாம். கடையில் வாங்கும் முட்டையில் எண் அடித்திருக்கும்: 0 என்றால் இயற்கைப் பண்ணை, 3 என்றால் கூடு, DE என்பது நாடு, அடுத்து 08 வந்தால் நம் மாநிலம். கேக்கிலும் நூடில்ஸிலும் இருக்கும் முட்டைக்கு அந்த எண் கிடையாது. அண்ணனுக்கு என்ன நடந்தது என்பதை அந்த எண்ணும் சொல்லாது.

இப்போது என் கூட்டில் நான்கு பேடுகள். ஸுண்ட்ஹைமர் இரண்டில் ஒன்றை மரநாய் போன்ற ஒரு மார்டர் கொண்டுபோனது, தப்பு என்னுடையது, ஒரு மாலை கதவு சாத்தப் பிந்திவிட்டேன். கோழி தனியே வாழ்கிற பிராணி அல்ல. அதனால் 2023ல் 'ரெட்டெட் டாஸ் ஹூன்' என்ற சங்கத்தின் மூலம் மூன்று மண்ணிறப் பேடுகளை எடுத்தேன். பண்ணைகளில் முட்டைக் கோழியைச் சுமார் ஒன்றரை வயதில் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழிக்கும் கோழிகளுக்கு இந்தச் சங்கம் வீடு தேடித் தருகிறது. வந்தபோது கழுத்தில் இறகே இல்லை. புல்லை மிதிக்கத் தெரியவில்லை, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அம்மா ஒரு பெட்டியில் சாம்பலும் மணலும் கலந்து வைத்தார். இரண்டாம் நாள் மூன்றும் அதற்குள் புரண்டன.

அதனால் நான் சொல்வது இதுதான்: முதல் முறை வளர்க்கிறவர்கள் குஞ்சை விட்டுவிட்டு இந்த வயதான பேடுகளை எடுங்கள். சேவல் பிரச்சினை இல்லை, சூட்டுத் தட்டு வேண்டாம், முட்டையும் வரும். குறை இருக்கிறது, மறைக்கவில்லை. அவ்வளவு முட்டை இடுவதற்காகவே உருவாக்கிய உடம்பு, முட்டைக் குழாயில் நோய் அடிக்கடி வரும். மூன்றில் ஒன்று போன மாசி மாதம் அப்படித்தான் போனது. அந்த இடத்துக்கு இன்னொன்று எடுத்தேன். கழித்த கோழியை எடுத்தால் பண்ணைக்காரருக்குத்தானே லாபம் என்று என் மச்சான் கேட்பான். பண்ணைக்காரர் எப்படியும் அடுத்த தொகுதியை ஏற்றத்தான் போகிறார். இந்த நாலு கோழி அந்தக் கணக்கை மாற்றாது. என் கணக்கை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

அம்மாவோடு மட்டும் ஒரு சண்டை முடியவில்லை. இங்கே சமையலறைக்குள் போய் வந்த எதையும் கோழிக்குப் போடக் கூடாது, நோய் பரவுமென்று தடை. மிஞ்சின சோற்றைக் குப்பையில் போடச் சொன்னால் அம்மாவுக்குக் கண் கலங்கும். "சோறு தின்னாத கோழியை நான் இங்கதான் காணுறன்" என்பார். தோட்டத்தில் பிடுங்கிய கீரையை நேரே போடலாம் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாசலில் கேட்ட தங்கச்சிக்கு நான் கொடுத்த பதில் நீளமானது, அதுதான் இது. அவள் முழுக்கக் கேட்கவில்லை, பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹெடல்ஃபிங்கனில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். கூட்டின் தட்டுகளில் சிவப்புச் செள் பிடித்திருக்கிறது, எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். பழைய உடுப்பும் ரப்பர் சப்பாத்தும் கொண்டு வா என்று சொன்னேன். வருவாளா தெரியாது.