மூன்று கிலோ இழுத்துப் பார்த்தால் போதுமா?

வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கான ஐஎஸ் 302 தரநிலையின் பொதுப் பகுதியில், தூக்கிச் செல்லும் கைப்பிடிக்கென்று ஒரு சுமைச் சோதனை இன்னும் இடம்பெறவில்லை. அதற்கு மூலமான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60335-1, 2020இல் ஆறாம் பதிப்பு கண்டபோதும் இந்தக் குறையை யாரும் நிரப்பவில்லை. இருப்பதே போதும் என்று விட்டுவிட்ட முடிவு ஏற்கத்தக்கதல்ல.

இருப்பது என்ன? கைப்பிடி, குமிழ் போன்றவை கழன்றுவிடக் கூடாது. அதைச் சரிபார்க்க 15 நியூட்டன், இழுபட வாய்ப்புள்ளவற்றுக்கு 30 நியூட்டன் விசையில் ஒரு நிமிடம் அச்சுவாக்கில் இழுத்துப் பார்க்கிறார்கள். 30 நியூட்டன் என்பது ஏறத்தாழ மூன்று கிலோ எடை. மிக்ஸியின் வேகக் குமிழுக்கு இது சரி. தூக்குவதற்காக வைத்த விதியல்ல இது என்று நிபுணர்கள் சொல்லலாம். உண்மைதான், தூக்குவதற்கு ஏன் விதியே இல்லை என்பதுதான் கேள்வி.

ஆய்வகக் கருவிகளுக்கான ஐஇசி 61010-1ஐப் பாருங்கள். கருவியின் எடையைப் போல நான்கு மடங்கு விசையைக் கைப்பிடியின் நடுவில் 70 மி.மீ. அகலத்தில் சீராகச் செலுத்தி, ஒரு நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். 15 கிலோ கருவி என்றால் 60 கிலோ. கைப்பிடி இரண்டு இருந்து, ஒன்றைப் பிடித்தும் தூக்க முடியும் என்றால் ஒவ்வொன்றும் முழுச் சுமையைத் தாங்கியாக வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் மருத்துவச் சாதனங்களுக்கும் அதே நான்கு மடங்குதான்.

சமையலறையில் டேபிள்டாப் கிரைண்டரைத் தூக்குபவர் பயிற்சி பெற்ற பரிசோதகர் அல்ல. கல்லும் மாவும் சேர்ந்த கனத்தை, ஈரக் கையோடு, மேடையிலிருந்து வெடுக்கென்று எடுக்கிறார். அந்த வெடுக்கில் கைப்பிடிக்கு ஏறும் சுமை, தராசு காட்டும் எடையைவிட அதிகம். மாதக்கணக்கில் இப்படித் தூக்கினால் ஸ்குரூ இறங்கும் இடத்தில் பிளாஸ்டிக் வெளுக்கிறது. பிறகு மயிரிழை போல ஒரு விரிசல். ஒருநாள் கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. கீழே விழுவது காலை நசுக்கும். சாதனத்தின் வெளிக்கூடு உடைந்து, பிளக்கும் செருகியே இருந்தால், ஈரத் தரையில் மின்சாரம் பாயும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. மூன்று கிலோ இழுவை இதில் எதைச் சோதித்தது?

இந்த அலட்சியம் புதிதல்ல. தலைக்கு மேல் சுழலும் சீலிங் ஃபேனுக்கு ஐஎஸ் 374 என்ற தரநிலை பல பத்தாண்டுகளாக உண்டு. இஸ்திரிப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 2003இல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணையிலேயே கட்டாயச் சான்று வந்துவிட்டது. ஃபேனுக்கான ஆணையோ 2023 ஆகஸ்டில்தான் வந்தது. எஞ்சிய வீட்டுச் சாதனங்களை மொத்தமாகச் சான்றுக்குள் கொண்டுவரும் ஆணை 2025இல் அமலாக வேண்டியது, 2026க்குத் தள்ளிப்போட்டார்கள். உற்பத்தியாளருக்கு அவகாசம் கேட்டால் உடனே கிடைக்கிறது. வாங்குபவருக்காகக் கேட்கும் குரல் அந்த அளவுக்கு எடுபடுவதில்லை.

தரநிலையில் சில சாதனங்களுக்கென்று உள்ள தனிப் பகுதிகளில் கூடுதல் விதிகள் உண்டு என்று காட்டி நழுவ முடியாது. தூக்குவது பல சாதனங்களுக்கும் பொதுவான வேலை. விதியும் பொதுப் பகுதியில்தான் இருக்க வேண்டும். பல மடங்கு எடையைத் தொங்கவிடத் தேவையான ஏற்பாடு நம் ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. நான்கு மடங்கா, வேறு அளவா என்பதை உட்கார்ந்து பேசட்டும். அடுத்த பதிப்பு வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காமல், இங்கேயே ஒரு திருத்தத்தைத் தொடங்க வேண்டும்.