ஓடாத காரின் விலை

பழைய பிரிட்டிஷ் கார்களின் விற்பனை விளம்பரத்தில் ‘அதிகம் ஓடாதது’ என்ற வார்த்தைக்குத் தனி மவுசு. மும்பையில் அதையே எச்சரிக்கையாகவும் படிக்கலாம்.

1961இல் ஜெனீவாவில் அறிமுகமாகி 1974 வரை தயாரான ஜாகுவார் ஈ-டைப் ஓர் உதாரணம். கூரையை மடக்கிவிட்டு நெடுந்தூரம் பறக்கும் வகையும் அதில் உண்டு. அந்த வகையில் நிலையான கூரை இல்லாததால் காரின் உறுதி பெரும்பாலும் அடிப்பாகத்தில்தான். கடற்காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையும் அதைத்தான் அரிக்கும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கித்தான் போர்த்தி நிறுத்திய காரில் மீட்டர் நகராது. ஆனால் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும்; பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும்; ரப்பர் வெடிக்கும். இருக்கையின் தோல் கிழிந்தால், தோல் தொழிலுக்குப் பேர்போன தாராவி பக்கத்திலேயே இருக்கிறது. துருவேறிய அடிப்பாகத்துக்கு அத்தனை சுலபமான வைத்தியம் கிடையாது.

சட்டமும் ஓட்டத்தைக் குறைக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 வயதைத் தாண்டிய காரை ரூ. 20,000 கட்டி ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். பதிவு பத்தாண்டு செல்லும். வாங்கலாம், விற்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். பராமரிப்புக்கு அனுமதி உண்டு என்பதால், பல ஆண்டு முடக்கிப்போட்டதற்குச் சட்டத்தைச் சாக்குச் சொல்ல முடியாது.

ஜாகுவார் நிறுவனத்தையே 2008இல் மும்பையின் டாடா மோட்டார்ஸ் வாங்கிவிட்டது. நிறுவனத்தை வாங்குவோர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். ஒரே ஒரு காரை வாங்க வருபவர் புரட்ட வேண்டியது மெக்கானிக்கின் ரசீதுகளை.