வலைப்பூ வாடிவிடுமா?

திங்கள்தோறும் இப்பகுதியில் நம் இல்லங்களைத் தொடும் ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிச் சிந்தித்து வருகிறோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டிருப்பது எழுத்தைப் பற்றியது. புலவர்களின் எழுத்தன்று, நம்மைப் போன்ற எளிய குடும்பத்தாரின் எழுத்து. பிறந்த மண்ணை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நாம், நம் வாழ்வைப் பற்றி நாமே எழுதிய வலைப்பதிவுகள் இனி நிலைக்குமா, அல்லது முகநூல் முதலிய சமூக வலைத்தளங்களின் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுவிடுமா என்பதே கேள்வி.

இளைய வாசகர்களின் பொருட்டுப் பழைய செய்தி சிலவற்றை நினைவூட்டுதல் நலம். ஒரு காலத்தில் ஒருவர் எழுதியது பிறர் கண்ணிற் பட வேண்டுமானால், பத்திரிகை ஆசிரியரின் கடைக்கண் பார்வை வேண்டியிருந்தது. 1999-ஆம் ஆண்டில் பைரா லேப்ஸ் என்னும் சிறிய அமெரிக்க நிறுவனம் 'பிளாகர்' என்ற வசதியைத் தொடங்கியது. 2003-இல் கூகுள் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. அவ்வாண்டிலேயே வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளும் வெளிவந்தது. கணினியும் இணைய இணைப்பும் உடைய எவரும் பணம் செலவழிக்காமல் தமக்கென ஒரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம் என்ற நிலை பிறந்தது. தமிழில் இதற்கு 'வலைப்பதிவு' என்றும், அன்போடு 'வலைப்பூ' என்றும் பெயர் வைத்தனர்.

தமிழருக்கு இன்னுமொரு தடை இருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்தது மற்றொரு கணினியில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு என்னும் பொது முறை பரவிய பிறகே அந்தத் தொல்லை நீங்கிற்று. இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்கள் விலையின்றிக் கிடைத்தன. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, எங்கெங்கோ எழுதப்படும் புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்திக் காட்டியது. ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த பதிவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். மதுரையில் 2014-இலும் புதுக்கோட்டையில் 2015-இலும் பதிவர்கள் ஒன்றுகூடி விழாவே எடுத்தனர்.

அவற்றில் நம்மைப் போன்றோர் என்னதான் எழுதினார்கள்? தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காமற் போனதை எழுதினார்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைக்கு வீட்டில் ழகரம் சொல்லிக்கொடுக்கப் பட்ட பாட்டை எழுதினார்கள். மாட்டுங்காவின் பூக்கடைகளில் கதம்பம் வாங்கியதையும், விடுமுறைக்கு ஊர் செல்ல இரயிலில் இடம் கிடைக்காமல் தவித்ததையும் எழுதினார்கள். இவை பெரிய இலக்கியம் அல்ல என்று சொல்வோர் சொல்லலாம். எனினும் வேற்று மாநிலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு இவற்றைக் காட்டிலும் நேரான சான்று வேறெங்கே கிடைக்கும்?

இந்நிலையில்தான் சமூக வலைத்தளங்கள் வந்தன. ஆர்க்குட் 2004-இல் தொடங்கியது. நம் நாட்டு இளைஞர்கள் அதில் திரளாகச் சேர்ந்தனர். அவ்வாண்டிலேயே கல்லூரி மாணவர்களுக்காகத் தோன்றிய ஃபேஸ்புக், 2006 செப்டம்பரில் பொதுமக்கள் யாவர்க்கும் கதவைத் திறந்தது. ட்விட்டரும் 2006-இல் பிறந்ததே. அதில் ஒரு செய்திக்கு 140 எழுத்து என்பது அன்றைய வரம்பு; 2017-இல் அது 280 ஆயிற்று. 2023-இல் அத்தளத்தின் பெயரே எக்ஸ் என்று மாறிவிட்டது. கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் வந்தபின், வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் நம் வீடுகளில் அன்றாடப் பழக்கமாகிவிட்டன.

வலைப்பதிவர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே பெயர்ந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பதிவு எழுத உட்கார வேண்டும், தலைப்பிட வேண்டும், பிழை திருத்த வேண்டும். முகநூலிலோ பேருந்தில் நின்றபடியே நான்கு வரி எழுதிவிடலாம். வலைப்பூவில் எழுதிவிட்டு ஒரு பின்னூட்டத்திற்காக இரண்டு நாள் காத்திருந்தவர், இங்கே இரண்டு நிமிடத்தில் இருபது பேரின் விருப்பத்தைப் பெறுகிறார். புகழை விரும்பாத உள்ளம் உலகில் அரிது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

மேலும் இத்தளங்களால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையன்று. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, தொலைவில் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் நிலையறியாது துடித்தனர். எந்தத் தெருவில் படகு வந்தது, எங்கே உணவு கிடைக்கிறது, யாருக்கு மருந்து வேண்டும் என்பனவற்றை அன்று சமூக வலைத்தளங்களே நொடிக்கு நொடி சுமந்து சென்றன. அந்தப் பணியை வலைப்பூ செய்திருக்க இயலாது. கணினி முன் அமர்ந்து கட்டுரை எழுதத் துணியாத எத்தனையோ தாய்மார்கள் இன்று கைப்பேசியில் தமிழில் எழுதுகிறார்கள் என்பதும் நாம் மகிழ வேண்டிய செய்தியே.

அப்படியானால் இழந்தது என்ன? வலைப்பூவை வாட்டியது எழுதுவோர் குறைந்தமை மட்டுமன்று. வாசகர் வரும் பாதை மாறிவிட்டதே முதற் காரணம் என்பது நம் கருத்து.

முன்னாளில் வாசகர் தாமே தேடி வந்தார். திரட்டியின் வழியாகவோ, தேடுபொறியின் வழியாகவோ, புதிய பதிவுகளைக் கொண்டுவந்து சேர்க்கும் செய்தியோடையின் வழியாகவோ வந்தார். இத்தகைய ஓடைகளைப் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் என்னும் வசதியை அந்நிறுவனம் 2013 ஜூலை முதல் நாளில் மூடிவிட்டது. வாசகர்களோ முகநூலின் வாயிலிலேயே தங்கிவிட்டனர். அங்கே நம் கண்முன் வருவது பெரும்பாலும் நாள் வரிசைப்படி வருவதன்று. எது நம்மை நெடுநேரம் அங்கேயே இருத்தி வைக்கும் என்று நிறுவனத்தின் கணினி கணிக்கிறதோ, அதுவே முதலில் வருகிறது. வெளியே அழைத்துச் செல்லும் இணைப்பை இத்தளங்கள் விரும்புவதில்லை. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் ஒரு முகவரியைத் தந்தால், அதைத் தொட்டுச் செல்லவும் இயலாது. விருந்தினர் அடுத்த வீட்டிற்குப் போய்விடாதபடி வாசலைத் தாழிட்டு வைத்திருப்பதை ஒப்பது இது.

இதனால் விளையும் கேடுகளுள் முதலாவது, எழுதியது மீண்டும் கிடைப்பதில்லை. வலைப்பூவில் 2008-ஆம் ஆண்டு மார்கழியில் எழுதியதை, ஆண்டையும் மாதத்தையும் தொட்டால் இன்றும் எடுக்கலாம். முகநூலில் சென்ற ஆடியில் எழுதியதைத் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. நண்பர்களுக்கு மட்டும் என்று எழுதியவற்றைத் தேடுபொறியும் காண முடியாது.

இரண்டாவது, எழுதியவர் பெயர் உதிர்ந்துபோகிறது. ஒருவர் தம் பாட்டியின் வத்தக்குழம்புச் செய்முறையை அக்கறையோடு எழுதுகிறார். யாரோ அதைப் பெயர் நீக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பத்துக் குழுக்களைச் சுற்றி அது எழுதியவர் கைப்பேசிக்கே 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு திரும்பி வருகிறது! பாட்டியின் பெயரும் இல்லை. பேத்தியின் பெயரும் இல்லை.

மூன்றாவது கேடு எல்லாவற்றினும் பெரிது. இடத்திற்கு உரியவர் இடத்தை மூடினால், எழுதியவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. முகநூலிலேயே நீண்ட கட்டுரைகள் எழுதுவதற்கென இருந்த 'நோட்ஸ்' என்னும் பகுதியில் புதிதாக எழுதும் வசதி 2020 அக்டோபரோடு நின்றுபோயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, இலட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த கலைஞர்களும் ஓரிரு நாளில் தம் இரசிகர்களை இழந்தனர். தடையின் காரணம் வேறு. நாம் கவனிக்க வேண்டியது, பிறர் மேடையில் சேர்த்த செல்வம் நம்முடையதன்று என்பதே.

வலைப்பூ மட்டும் சொந்த வீடா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிளாகரும் ஒரு நிறுவனத்தின் உடைமைதான். 2006 ஜூலையில் மும்பை இரயில் குண்டுவெடிப்பிற்குப் பின், சில தளங்களை மட்டும் தடுக்குமாறு அரசு ஆணையிட, இணைய நிறுவனங்கள் பல பிளாகரின் பக்கங்கள் முழுவதையுமே சில நாள் அடைத்துவிட்டன. ஆகவே இதுவும் வாடகை வீடே. வாடகை வீட்டின் இயல்பு நம்மில் எவருக்கும் தெரியாததன்று. ஆனால் வாடகை வீடுகளிலும் வேறுபாடு உண்டு. வலைப்பூவில் பொருள்கள் அடுக்கு அடுக்காக இருக்கின்றன. காலி செய்யும்போது மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீட்டில் அவ்வாறே அடுக்கிவைக்கலாம். முகநூலிலும் நாம் எழுதியவற்றின் படியை இறக்கிக்கொள்ள வழியுண்டு. எனினும் சண்டை, வாழ்த்து, வேடிக்கைப் படம், அரிய நினைவு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும் அந்தக் குவியலிலிருந்து நெல்லைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

இனி எதிர்காலம். வலைப்பூ அடியோடு பட்டுப்போகும் என்று நாம் கருதவில்லை. நான்கு வரிச் செய்தியும் பண்டிகை வாழ்த்தும் அதை விட்டுப் போய்விட்டன, போகட்டும். நின்று எழுத வேண்டியவை மட்டும் அங்கே தங்கும். முகநூல் கொடிகட்டிப் பறந்த 2014-ஆம் ஆண்டில்தான் எழுத்தாளர் ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்னும் நாவல் வரிசையாக இணையத்தில் அன்றாடம் வெளியிடத் தொடங்கினார். 2020-இல் 26 நூல்களாக அது நிறைவெய்தியது. நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று அதைத் தொடர்ந்து படித்தவர்கள் இருந்தார்கள். நீண்டதை யாரும் படிக்கமாட்டார்கள் என்ற பேச்சுக்கு இதுவே விடை. அவர் பெரிய எழுத்தாளர். நமக்கு அத்தனை வாசகர் வருவார்களா என்று தயங்க வேண்டா. நம் எழுத்துக்கு வேண்டிய வாசகர் பலர் அல்லர்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் உயிரோடிருந்தபோது அதற்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள்? ஒருவரும் இல்லை. 1846-இல் அக்குறிப்பேடுகள் வெளிச்சத்திற்கு வந்தன. இன்று அக்காலத்துப் புதுச்சேரியை அறிய விரும்பும் எந்த வரலாற்றாசிரியரும் அவற்றைப் புறக்கணிக்க முடியாது. அவர் எழுதினார் என்பது ஒரு பாதி; எழுதியது ஓரிடத்தில், நாள் வரிசையில், அழியாமல் இருந்தது என்பது மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் நாம் இன்று கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் பேரப்பிள்ளைகளில் சிலர் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதே அரிதாகிவரும் காலம் இது. தங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எதற்காக இங்கே வந்தது என்று ஒரு நாள் அவர்கள் கேட்பார்கள். அந்நாளில் விடை சொல்ல நாம் இருப்போமோ, மாட்டோமோ! நம் எழுத்தாவது இருக்க வேண்டும்.

ஆதலால் நம் வாசகக் குடும்பங்களுக்குச் சில சொற்கள். முகநூலை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது சந்தை, சந்தைக்குப் போகாமல் வாழ முடியாது. ஆனால் சந்தையில் குடியிருப்பார் இல்லை. நிலைக்க வேண்டியதை முதலில் வலைப்பூவில் எழுதுங்கள். பிறகு அதன் முகவரியைச் சந்தையில் சொல்லி நாலு பேரை அழையுங்கள். ஆண்டிற்கொரு முறை, பொங்கல் விடுமுறையிலேனும், எழுதியவை அனைத்தையும் ஒரு படி எடுத்து வையுங்கள். அந்த வசதி பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் உண்டு. இரண்டாண்டுகள் பயன்படுத்தாத கணக்கை நீக்கிவிடலாம் என்பது இன்று கூகுளின் விதி. ஆகவே எழுதாவிட்டாலும் அவ்வப்போது உள்ளே சென்று வாருங்கள். கடவுச்சொல்லை வீட்டில் நம்பிக்கையான ஒருவர் அறிந்திருக்கட்டும். எழுதியவரோடு சாவியும் போய்விடக் கூடாது. இயன்றால் நல்லனவற்றைத் தாளில் அச்சிட்டு வீட்டில் ஒன்றும் சங்கத்து நூலகத்தில் ஒன்றுமாக வையுங்கள்.

நெடுநாளாகத் திறக்கப்படாத வலைப்பூ நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கும். அதை இந்தக் கிழமையே திறந்து பாருங்கள். கடைசியாக எழுதிய நாளைக் கண்டு கூச்சப்பட வேண்டா. அதன் கீழே, இன்றைய நாளிட்டு, ஒரு பத்தி எழுதுங்கள். எழுதுகிறவர் கை இருக்கும்வரை வலைப்பூ வாடாது.