வாரம் அரைக் கிலோ களிம்பு

கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குத் தடித்த தோல் புதிதில்லை. உழவு மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் காய்த்துப் போயிருக்கும். ஒட்டகத்துக்கு முழங்காலிலும் நெஞ்சிலும் காய்ப்பு உண்டு. நெருப்புக்கோழிக் குஞ்சுக்கு, தரையில் உட்காரும் முன்பே, முட்டைக்குள்ளேயே அந்தக் காய்ப்பு வந்துவிடுகிறது. உரசும் இடத்தில் தோல் தடிப்பது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. ஆனால் எந்த உரசலும் இல்லாமல், பிறக்கும்போதே உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் தடித்த ஒரு பிள்ளையை என் அக்கா பெற்றாள். அவனுக்காகவும் அவனைப் போன்றவர்களுக்காகவும் அரசிடம் சிலவற்றைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

பிறந்தபோது அவன்மேல் எண்ணெய்த்தாள் சுற்றியதுபோல் பளபளப்பான ஓர் உறை இருந்தது. கண் இமைகள் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. சில வாரங்களில் உறை உரிந்தது. அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய செதில்கள் வந்தன. அந்த நோய்க்கு இக்தியோசிஸ் என்று பெயர். மீன்செதில் நோய் என்பார்கள். இதில் பல வகை உண்டு. சாதாரண வகை ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. வறண்ட தோல் என்று நினைத்து, மருத்துவரிடமே போகாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் அதில் அதிகம். என் மருமகனுக்கு வந்தது லாமெல்லர் என்ற அரிய, கடுமையான வகை.

நம் மேல்தோல் செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. மேல் வரிசை கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும், அடியிலிருந்து புது வரிசை ஏறிக்கொண்டே இருக்கும். இந்தச் சுவரைக் கட்டும் ஏதோ ஒரு மரபணுவில் பழுது வந்தால் சாந்து சரியாகப் பிடிக்காது. ஈரம் வெளியே கசியும். உடம்பு அதைச் சரிக்கட்ட மேலும் மேலும் செல்களை அடுக்கும். அடுக்கியது உதிராமல் நின்றுவிடும். பார்ப்பதற்குத் தடித்த தோல், ஆனால் காவல் காக்கும் வேலையில் மிகவும் பலவீனமான தோல்.

இதை ஊரில் யாரிடம் சொல்வது? "மாசமா இருக்கும்போது பாம்பை அடிச்சியா தாயி?" என்று அக்காவிடம் கேட்காத கிழவி அந்தத் தெருவில் இல்லை. அரசமரத்தடி நாகருக்குப் பால் ஊற்றச் சொன்னார்கள். அவளும் ஊற்றினாள். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு, "பாம்புத் தோலன்" என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது. பாம்பு தன் தோலின் மேலடுக்கை முழுதாகச் சட்டையாய்க் கழற்றிவிட்டுப் புதுத்தோலோடு போகிறது. இந்தப் பிள்ளைக்குக் கிடைக்காதது அந்தக் கழற்றல்தான். தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் பக்கத்தில் உட்கார மறுத்தவர்களும் உண்டு. 1730-களில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த எட்வர்ட் லாம்பர்ட் என்ற சிறுவனை லண்டன் ராயல் சொசைட்டியின் முன் நிறுத்தினார்கள். உடம்பெல்லாம் முள்போல் தடித்த தோல். வளர்ந்த பிறகு முள்ளம்பன்றி மனிதன் என்று அவனைக் காசுக்குக் காட்டினார்கள். அவனுடைய பிள்ளைகளுக்கும் அதே தோல் இருந்ததை 1755-இல் ஹென்றி பேக்கர் எழுதிவைத்தார். இது வழிவழியாக வருவது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. இந்தக் காலத்திலும் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று "தொற்றாது, தொற்றாது" என்று என் அக்கா சொல்ல வேண்டியிருந்ததில் எனக்கு ஆறாத கோபம்.

தடித்த தோல் என்றதும் நினைவுக்கு வரும் யானைக்கு இனி வருகிறேன். 2018-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷேல் மிலின்கோவிச் குழு ஆப்பிரிக்க யானையின் தோலைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த யானையின் தோலில் மயிரிழை அகலத்தில் வெடிப்புகள் வலையாக ஓடுகின்றன. யானைக்கு நம்மைப் போல் உடம்பெங்கும் வியர்வைச் சுரப்பி கிடையாது. குளிக்கும்போதும் சேற்றில் புரளும்போதும் இந்த வெடிப்புகளில் ஈரம் தங்குகிறது. வழவழப்பான தோல் பிடித்துவைப்பதைவிட 5 முதல் 10 மடங்கு வரை அதிகம். அது மெல்ல ஆவியாக ஆக உடம்பு குளிர்கிறது. பிறந்த குட்டிக்கு வெடிப்பு இல்லை. வளர வளர, உதிராத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து மேல்தோல் தடிக்கிறது. அடியில் மில்லிமீட்டர் கணக்கில் சிறு சிறு மேடுகள் உண்டு. தடித்த மேலடுக்கு அந்த மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் வளைந்து, தாங்க முடியாமல் பிளக்கிறது. நம் கோயில்களிலும் முதுமலையிலும் பார்க்கிற ஆசிய யானைக்கு இந்த அளவு வெடிப்பு இல்லை. செல்கள் உதிராமல் தங்குவதைப் பார்த்து, மனிதர்களின் சாதாரண வகை இக்தியோசிஸோடு இதற்கு ஒப்புமை இருக்கிறது என்று அந்த ஆய்வாளர்களே சுட்டிக்காட்டினார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. யானையை எது குளிர்விக்கிறதோ, கிட்டத்தட்ட அதுவே என் மருமகனை வேகவைக்கிறது. மனித உடம்பு வியர்த்துத்தான் குளிர வேண்டும். செதில் அடைத்த தோலில் வியர்வை வெளியே வர வழியில்லை. பள்ளி நாட்களில், எங்கள் சாத்தூர் வெயிலில், அக்னி நட்சத்திரத்தில், மற்ற பிள்ளைகள் நனைந்து போய் விளையாடும்போது இவன் முகம் சிவந்து, உடம்பு கொதித்து, மயங்கி விழுவான். யானைக்குப் பாகன் தண்ணீர் ஊற்றுகிறார். இவன் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டதற்கு வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்கள். "ஃபேனுக்குக் கீழ உக்கார விட்டா போதும் மாமா" என்று என்னிடம் கேட்டான். இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு வேண்டியது வெயிலில் நடக்கும் காலை வணக்கக் கூட்டத்திலிருந்து விலக்கு, தண்ணீர் தெளிக்கும் குப்பி, ஃபேன் அடியில் ஓர் இடம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

பணம் தேவைப்படுவது களிம்புக்கு. இந்த நோயைக் குணப்படுத்த இன்று மருந்து இல்லை. அசிட்ரெடின் மாத்திரை கடுமையான செதிலைக் குறைக்கும். கருவைப் பாதிக்கும் என்பதால் அதைப் பெண்களுக்குக் கொடுக்க மிகவும் தயங்குவார்கள். நாள்தோறும் கைகொடுப்பது குளியலும் எண்ணெய்ப்பசையும்தான். ஊறக் குளித்து, தளர்ந்த செதிலைத் துணியால் மெல்லத் தேய்த்தெடுத்து, ஈரம் காயும் முன் வெள்ளைப் பாரஃபின், யூரியா கலந்த களிம்பு, தேங்காய் எண்ணெய் என்று உடம்பு முழுவதும் தடவ வேண்டும். மறுபடி மாலையிலும். வளர்ந்த ஒருவருக்கு வாரம் அரைக் கிலோ ஆகும். ஆனால் மருத்துவமனைச் சன்னலில் அக்காவுக்குக் கிடைத்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா. "இது அழகு சாதனம்மா, இதுக்கு மேல தர முடியாது" என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். கால்நடை மருந்தகத்தில் திரவ பாரஃபின் எங்களுக்குக் கேனில் வரும். வயிறு கட்டிய ஒரு மாட்டுக்கு லிட்டர் கணக்கில் புகட்டியிருக்கிறேன். ஆகவே இதை மொத்தமாக வாங்க முடியாது என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். 1994-இல் தொடங்கிய, மாநிலம் முழுமைக்கும் மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் நம்மிடம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது. அந்தப் பையில் இந்தக் களிம்பும் போகட்டும், நோயாளிக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவில்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டது. தொழுநோயிலிருந்து மீண்டவர்களும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் அதில் இருப்பது நியாயம். கடுமையான இக்தியோசிஸ் இல்லை. இமை மூடாமல் கண் உலர்ந்து, காதில் செதில் அடைத்துச் செவி மந்தமாகி, விரல் மடக்க முடியாமல் வாழ்கிறவருக்குச் சான்றிதழ் தர அந்தப் பட்டியலில் நேரடியாக ஓர் இடம் கிடையாது. ரேஷன் கடையில் விரல் ரேகை விழாமல் என் மருமகன் திரும்பி வந்திருக்கிறான். ரேகை இருந்தால்தானே விழும்.

கடைசியாக, பேசக் கூச்சப்படும் விஷயம். அக்காவும் அத்தானும் முறை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன. பெற்றோர் இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கோல்டன் ரெட்ரீவர் நாய்களுக்கும் இக்தியோசிஸ் உண்டு. அவை படுத்த இடத்தில் மாவு சிந்தியதுபோல் செதில் கிடக்கும். 2012-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான மரபணுவை நாயில் கண்டுபிடித்தார்கள். பிறகு அதே மரபணுவில் பழுதுள்ள மனிதக் குடும்பங்களையும் கண்டார்கள். இன்று நல்ல வளர்ப்பாளர்கள் பரிசோதித்த பிறகே இணை சேர்க்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மரபணு ஆலோசனை என்று கேட்டால் எந்த அறைக்குப் போவது என்றுகூடத் தெரிவதில்லை.

மருமகனுக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். மாமன் மகள் இருக்கும்போது வெளியில் எதற்கு என்று உறவினர்கள் என் மகளைக் கைகாட்டினார்கள். அக்கா அந்தப் பழுதான மரபணுவைச் சுமப்பவள் என்பது உறுதி. அப்படியானால் எனக்கு அது இருக்கப் பாதி வாய்ப்பு, என் மகளுக்குக் கால் பங்கு. இருந்துவிட்டால் அவர்களுக்குப் பிறப்பதில் இரண்டில் ஒன்று இதே தோலோடு பிறக்கலாம். அந்தப் பழுது இல்லாத பெண்ணை அவன் மணந்தால் பிள்ளைகளில் ஒருவருக்கும் நோய் வராது. இதைக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியபோது அக்கா கேட்டாள்: "அந்த ரத்த டெஸ்டை இங்க எங்கடா எடுப்பாங்க?" சாத்தூரிலிருந்து எந்தப் பேருந்து ஏறினால் அந்தப் பதில் கிடைக்கும் என்று சுகாதாரத் துறை சொல்ல வேண்டும்.