சாவா மூவா நிதி ஒன்று வேண்டும்

ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறி, கரகமும் தீமிதியும் இரத ஊர்வலமும் நெருங்கி வரும் இவ்வேளையில், ஆலயச் செயலாளர் எழுதும் தலையங்கம் உபயகாரர்களுக்கு நன்றி கூறி, அம்பாளின் அருளை வேண்டி நிறைவு பெறுவதே வழக்கம். நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். சுங்கை பூலோவின் மெய்யன்பர்கள் கொடுப்பதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. கொடுத்த பணம் பின்னர் என்னவாகிறது என்பதைப் பற்றியே இவ்வாண்டு சில வார்த்தைகள் எழுதத் துணிகிறேன்.

சென்ற ஆண்டு ஆலய அலுவலக அலமாரியைச் சுத்தம் செய்தபோது, கரையான் அரித்த பழைய கணக்குப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. நம் ஆலயம் ரப்பர் தோட்டத்து ஆலயமாக இருந்த காலத்துப் புத்தகம் அது. 1964-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு வரி. தோட்டத்து மண்டோர் ஒருவர் முந்நூறு வெள்ளி கொடுத்திருக்கிறார். கோபுரத்துக்கும் அல்ல, மணிக்கும் அல்ல. லயத்துப் பிள்ளைகள் இரவில் அமர்ந்து பாடம் படிக்க, மண்ணெண்ணெய் விளக்குச் செலவுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. அன்று முந்நூறு வெள்ளி என்பது ஒரு தொழிலாளிக்குப் பல மாதச் சம்பளம்.

அப்பணம் எங்கே போயிற்று என்று தேடினேன். எவரும் அதைக் கையாடவில்லை. லயங்களுக்கு மின்சாரம் வந்தது, விளக்குக்குத் தேவை இல்லாமற் போயிற்று. தொகை பொதுக் கணக்கில் சேர்ந்தது. பின்னர் கலசத்துக்கோ சுண்ணாம்புக்கோ செலவாகி மறைந்தது. லயங்களும் மறைந்து இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் குவாசா டாமன்சாரா எழுகிறது. துரித இரயிலும் 2016 டிசம்பரில் நம் ஊருக்கு வந்துவிட்டது. ஆனால், அந்த மண்டோர் எந்தப் பிள்ளைகளை நினைத்துக் கொடுத்தாரோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் கல்லூரிப் பதிவுக் கட்டணத்துக்காக ஆலய அலுவலக வாசலில் வந்து தயங்கி நிற்கிறார்கள். மண்ணெண்ணெய்க்குத் தேவை தீர்ந்தது. படிப்புக்குத் தேவை தீரவில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்றொரு தொடர் வரும். ஆலயத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமெனில், தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். இடையர் ஒருவர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், மூப்படையும்; குட்டிகளும் பிறக்கும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் அவை சாவாதவை, மூவாதவை. முதல் அப்படியே நிற்க, விளைவு மட்டும் செலவாகும். பணமாகக் கொடுத்ததையும் அவ்வாறே ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு வைத்தார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி எனத் தஞ்சைக் கல்வெட்டுகள் கணக்குச் சொல்கின்றன.

விளக்கோடும் நின்றுவிடவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. கோயில் வருவாயிலிருந்து வேதப் பள்ளியும் மாணவர் விடுதியும் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் நடத்தப்பட்ட விவரம் அதில் உள்ளது. மருத்துவருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆலயப் பணத்தை ஆலயத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று நம் கூட்டங்களில் குரல் உயர்த்தும் பெரியவர்கள், வாய்ப்பிருந்தால் ஒருமுறை அக்கோயிலுக்குச் சென்று வரலாம்.

மேல்நாட்டாரும் பிற்காலத்தில் இதே வழிக்குத்தான் வந்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரடெரிக் கோஃப் என்னும் வங்கித் தலைவர் இருந்தார். இறந்தவர்கள் எழுதிவைத்த உயில்களின் நோக்கம் காலப்போக்கில் பொருளற்றுப் போவதையும், பணம் முடங்கிக் கிடப்பதையும் அவர் கண்டார். நம் மண்டோரின் மண்ணெண்ணெய்க் கதைதான் அங்கும். பலர் கொடுக்கும் கொடைகளை ஒரே நிதியாகச் சேர்த்து, முதலை வங்கி காக்கவும், விளைவை எதற்குக் கொடுப்பது என்பதை ஊர்ப் பெரியோர் குழு ஆண்டுதோறும் முடிவு செய்யவும் 1914-இல் ஓர் ஏற்பாடு செய்தார். அக்குழுவில் சிலரை வங்கியும், மற்றவர்களை நகர மேயரும் நீதிபதிகளும் நியமித்தனர். பணத்தைக் காப்பவரும் அதைப் பங்கிடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தனர் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. உலகில் இன்று பல நாடுகளில் உள்ள ஊர் அறக்கட்டளைகளுக்கு அதுவே முன்மாதிரி.

அருகிலும் பார்க்கலாம். பினாங்கு இந்து அறநிலைய வாரியம் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர் கொண்டது. ஆலயங்களையும் நிலங்களையும் நிர்வகிப்பதோடு மாணவர்களுக்குக் கல்வி உதவியும் வழங்கி வருகிறது. சிங்கப்பூரில் 1991-இல் தொடங்கப்பட்ட சிண்டாவுக்கு, வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து வருமானத்துக்கேற்ப மாதம் ஒரு வெள்ளி முதல் முப்பது வெள்ளி வரை செல்கிறது; அது பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளாகத் திரும்புகிறது. சிலாங்கூரில் பினாங்கைப் போன்ற வாரியம் இல்லை. இங்கு ஒவ்வோர் ஆலயமும் தன் நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. அறப்பணிக்கென நிறுவனம் அமைக்கும் உரிமையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது விதி ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் தந்திருக்கிறது. சிறு தொகை சேர்ந்து என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் நினைவிருக்கும். அது தர்மம் அல்ல, பங்குதான். எனினும் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம்தான் தோட்டங்களை வாங்கியது.

கணக்கையும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். நூறு குடும்பங்கள் மாதம் பத்து வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி. முழுவதையும் வைப்புத் தொகையாகப் போட்டு, மூன்று விழுக்காடு வட்டி வருவதாகக் கொண்டால், முதலாண்டில் 360 வெள்ளிதான் கிடைக்கும். அதைக் கொண்டு ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கலாம், அவ்வளவே. ஆகவே பாதியை அந்தந்த ஆண்டே உதவியாகக் கொடுத்து, பாதியை முதலாகச் சேர்ப்பதே நமக்கு ஏற்ற வழி. உதவி என்பது கல்வி மட்டுமன்று. நம் ஊரில் 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் குணமடைந்து மூத்தவர்கள் இன்னும் சிலர் வாழ்கிறார்கள். அங்கே பூச்செடி வாங்கப் போகும் நாம் அவர்களை எண்ணுவதில்லை.

என் பிழை ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்கு ஐந்நூறு வெள்ளி கொடுத்தோம். மேடையில் ஏற்றி, மாலை போட்டு, கதவளவு மாதிரிக் காசோலையைக் கையில் கொடுத்துப் படமெடுத்தோம். அந்த ஏற்பாடு முழுவதும் என்னுடையது. அப்பெண் தலை நிமிரவேயில்லை. அதற்குப் பிறகு அவளும் அவள் தாயாரும் நம் ஆலயத்துக்கு வருவதில்லை. வேறு ஆலயத்துக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஐந்நூறு வெள்ளி கொடுத்து ஒரு குடும்பத்தை அம்பாள் சந்நிதியிலிருந்து விலக்கிவிட்டோம்.

எனவே நிர்வாகக் குழுவில் நான் முன்வைத்திருக்கும் விதிகளில் முதலாவது, உதவித் தொகை கல்லூரிக்கோ பள்ளிக்கோ நேராகச் செலுத்தப்படும், மேடையும் படமும் கிடையாது என்பதாகும். விண்ணப்பங்களைப் பார்க்கும் ஐவரில் நிர்வாகத்தைச் சேர்ந்தவர் ஒருவரே இருப்பார். மற்றவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர், கணக்காளர் போன்ற வெளியார். நிர்வாகத்தினரின் உறவினர் விண்ணப்பித்தால், உறவை எழுதிக் காட்ட வேண்டும். பெயரில்லாமல், எத்தனை பேருக்கு எவ்வளவு என்ற பட்டியல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். கொடுப்பவர் நோக்கம் குறிப்பிட்டுக் கொடுக்கலாம். அந்நோக்கம் காலத்தால் அற்றுப்போனால், அதற்கு நெருங்கிய வேறொன்றுக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்ற வரியும் ரசீதில் இருக்கும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் கோரவும் எண்ணியுள்ளோம். அது கிடைத்தால் கொடையாளர்கள் சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் வரிக்கழிவு பெறலாம். வணிகப் பெருமக்கள் பலர் கேட்டது இது. கிடைக்கும் வரை அவ்வாறு யாரிடமும் சொல்ல மாட்டோம்.

குழுவில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இராஜகோபுரத் திருப்பணி பாதியில் நிற்கும்போது இது எதற்கு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கோபுரத்துக்கென்று கொடுத்ததில் ஒரு காசும் இதற்கு வராது என்று எழுதித் தந்திருக்கிறேன்.

இத்திருவிழாவில் அர்ச்சனைச் சீட்டு முகப்பில் இரண்டு ரசீதுப் புத்தகங்கள் இருக்கும். மஞ்சள் நிறம் திருப்பணிக்கு, பச்சை நிறம் இந்நிதிக்கு. பச்சைப் புத்தகத்தின் முதல் ரசீதை, 1964-ஆம் ஆண்டின் அந்த மண்டோர் பெயரில் முந்நூறு வெள்ளிக்கு, நிர்வாகத்தார் எங்கள் சொந்தக் கைப்பணத்திலிருந்து கட்டி எழுதியிருக்கிறோம்.