மூட மறுக்கும் மடை

கேள்வி: கத்திரியில் காய்ப்புழுவுக்கு சைபர்மெத்ரின் அடித்த அன்று மாலை, முகமும் கழுத்தும் சுருசுருவென்று எரிந்தன. தடிப்போ சிவப்போ இல்லை. "பூவிலிருந்து வந்த மருந்து, மனுஷனை ஒன்றும் செய்யாது" என்கிறார் கடைக்காரர். போன வருஷம் ஒரே தெளிப்பில் அடங்கிய புழு, இந்த வருஷம் மூன்று தெளிப்புக்கும் அடங்கவில்லை. மருந்தில் கலப்படமா?
– தர்மபுரி மாவட்ட வாசகர்

பதில்: கலப்படச் சந்தேகம் இருந்தால், ரசீதையும் பாட்டிலையும் வேளாண்மை அலுவலரிடம் காட்டி மாதிரி எடுக்கச் சொல்லலாம். ஆனால், முகம் எரிந்ததே பாட்டிலில் சரக்கு இருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். எரிச்சல், சாகாத புழு, கடைக்காரர் சொல்லும் பூ ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அது நரம்பில் இருக்கும் ஒரு சிறு மடை.

பூவில் இருந்த விஷம்

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட ஒரு வகைச் சாமந்தி, ஐரோப்பாவில் குரோஷியா நாட்டின் கடலோர மலைகளில் விளைகிறது. பெயர் பைரீத்ரம். மாலை கட்டும் சாமந்தி வேறு, இது வேறு. இதன் காய்ந்த பூவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு 'பைரீத்ரின்' என்ற விஷம் உண்டு. பூப்பொடி பட்டால் ஈ, கொசு, பேன் எல்லாம் துடித்து விழும். ஜப்பானில் கொசுவத்தி பிறந்தது இந்தப் பூப்பொடியில்தான். பிறகு கென்யாவில் பெரும் பரப்பில் பயிரானது.

இந்த விஷத்துக்கு ஒரு குணம்: வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். வீட்டுக்கு நல்லது, வயலுக்கு உதவாது. 1973-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர், பூவின் விஷத்தை மாதிரியாக வைத்து, வெயிலுக்குத் தாங்கும் பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபென்வலரேட், லாம்ப்டா சைஹலோத்ரின் எல்லாம் இதே குடும்பம். இவற்றைத்தான் செயற்கை பைரித்ராய்டு என்கிறோம். பூ கொடுத்தது மாதிரி மட்டுமே. வயலில் நாள்கணக்கில் நிற்கும் சரக்கு, தொழிற்சாலையில் செய்தது.

நரம்பின் மடை

நரம்புக்கு வெளியே இருக்கும் நீரில் சோடியம் அதிகம், உள்ளே குறைவு. உப்பில் இருக்கும் அதே சோடியம்தான். நரம்பின் சுவர் நெடுக சிறு சிறு மடைகள் உள்ளன. தகவல் வந்ததும் ஒரு மடை திறக்கும், சோடியம் உள்ளே பாயும், ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மடை மூடிவிடும். அந்தப் பாய்ச்சல் அடுத்த மடையைத் திறக்கும். இப்படித்தான் காலில் குத்திய முள்ளின் வலி மூளைக்கு ஓடுகிறது. திறப்பது எவ்வளவு முக்கியமோ, உடனே மூடுவதும் அவ்வளவு முக்கியம்.

பைரீத்ரின், மடை திறந்திருக்கும் நேரம் பார்த்து இடுக்கில் கல்லைப் போல மாட்டிக்கொள்கிறது. மடை மூடவில்லை. ஒரு தகவலுக்கு ஒருமுறை துடிக்க வேண்டிய நரம்பு, ஓயாமல் துடிக்கிறது. பூச்சி முதலில் படபடக்கும், பிறகு மல்லாந்து விழும். சைபர்மெத்ரின் வகை மடையை இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கும். அதனால் துடிப்பும் ஓய்ந்து நரம்பு செயலற்றுப் போகும்.

இந்த மடையைக் கண்டுபிடித்த செடி இது ஒன்று மட்டுமல்ல. இமயமலைப் பகுதியில் கிடைக்கும் வச்சநாபிக் கிழங்கின் விஷமும் இதே மடையை வேறொரு இடத்தில் பிடித்துத் திறந்து வைக்கிறது. முதல் அறிகுறி உதட்டிலும் நாக்கிலும் சுருசுருப்பு. அடுத்தது இதயத் துடிப்பு தாறுமாறாவது. சித்த மருத்துவத்தில் நாபியைச் சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. வேகவைக்கும்போது அந்த விஷம் சிதைந்து வீரியம் குறைகிறது. ஆகவே 'செடியிலிருந்து வந்தது, தீங்கில்லை' என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

முகம் ஏன் எரிந்தது?

மனிதனுக்கும் இதே மடைகள் உண்டு. ஆனால் நம் மடையில் இந்த மருந்து அவ்வளவு இறுக்கமாக மாட்டுவதில்லை. உடல் சூட்டில் அதன் பிடியும் தளர்கிறது. உள்ளே போனதைக் கல்லீரல் வேகமாக உடைக்கிறது. அதனால்தான் புழுவைக் கொல்லும் அளவு மனிதனைக் கொல்வதில்லை. முகத்துத் தோல் மெல்லியது. அதற்குக் கீழேயே நரம்பு நுனிகள் இருக்கின்றன. மருந்து கல்லீரலுக்குப் போகும் முன்பே அங்கே மடைகளைப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் தடிப்பில்லாத எரிச்சல். அரை மணியிலிருந்து சில மணி நேரம் கழித்துத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். வியர்வை, வெயில், வெந்நீர் எல்லாம் எரிச்சலைக் கூட்டும். சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் எரிச்சல் குறையும்.

மீனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் உடலால் மருந்தை வேகமாக உடைக்க முடியாது, உடல் சூடும் குறைவு. தெளிப்பான் கழுவிய தண்ணீர் குட்டையில் சேர்ந்தால் போதும், மீன்கள் செத்து மிதக்கும். தேனீயும் அப்படித்தான். பூனையின் கல்லீரலும் பெர்மெத்ரின் போன்றவற்றை மெதுவாகவே உடைக்கும். நாய்க்கு உண்ணி போகத் தரும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவக் கூடாது.

புழு ஏன் சாகவில்லை?

காய்ப்புழு தண்டுக்கும் காய்க்கும் உள்ளே இருக்கிறது. அங்கே தெளிப்பு எட்டாது. இது முதல் காரணம். இரண்டாவது காரணம், மடையே மாறிப்போவது.

பூச்சியின் மடை, 2,000-க்கும் மேற்பட்ட மணிகளைக் கோத்த ஒரு மாலை போன்ற புரதம். வீட்டு ஈயில் அதன் 1014-வது மணி மட்டும் வேறாக இருந்தால், மருந்துக்குச் சரியான பிடி கிடைப்பதில்லை. மடை வழக்கம்போல மூடிவிடும். தெளிக்கும்போது மற்ற பூச்சிகள் சாக, இந்த மணி மாறியவை மட்டும் பிழைத்துப் பெருகும். டி.டி.டி.யும் இதே மடையைப் பிடிப்பதால், டி.டி.டி.க்குச் சாகாத ஈக்கள் பல பைரித்ராய்டுக்கும் சாகவில்லை. இது தவிர, மருந்தை உடைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் சுரந்து தப்பும் பூச்சிகளும் உண்டு. 1940 வாக்கில், நல்லெண்ணெய் சேர்த்தால் பைரீத்ரம் கூடுதலாக வேலை செய்வதைக் கண்டார்கள். எண்ணெயில் உள்ள ஒரு பொருள் இந்த நொதிகளைத் தடுப்பதே காரணம்.

பருத்தி விவசாயிகள் இந்தப் பாடத்துக்குப் பெரிய விலை கொடுத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் வந்த பைரித்ராய்டு மருந்துகள் அதிசயமாக வேலை செய்தன. 1987-ல் ஆந்திராவின் கடலோர மாவட்டங்களில், பச்சைக் காய்ப்புழு அதே மருந்துக்கு அசையவில்லை. தெளிப்பு கூடியது, கடனும் கூடியது, காய் மிஞ்சவில்லை.

இனி என்ன செய்வது?

கடையில் பாட்டிலை மாற்றுவதால் மட்டும் மருந்து மாறிவிடாது. சைபர்மெத்ரினுக்குப் பதில் லாம்ப்டா, அதற்குப் பதில் டெல்டா என்று போனால், தட்டுவது ஒரே மடையைத்தான். பூச்சிமருந்துகளுக்கு, வேலை செய்யும் இடத்தைப் பொறுத்து எண் கொடுத்திருக்கிறார்கள். பைரித்ராய்டு முழுவதும் 3ஏ. எமாமெக்டின் 6, குளோரன்ட்ரனிலிபுரோல் 28. மாற்ற வேண்டியது இந்த எண்ணை.

கத்திரியில், வாடிய நுனித்தண்டையும் ஓட்டை விழுந்த காயையும் வாரம்தோறும் பறித்து அழிப்பது முதல் வேலை. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்து ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கலாம். 5 சதவிகித வேப்பங்கொட்டைச் சாறு இந்த மடையைத் தொடாமல் வேறு வழியில் வேலை செய்வதால், மாற்றுக்கு ஏற்றது. பைரித்ராய்டைத் திரும்பத் திரும்ப அடித்தால் சிலந்தியும் பொறிவண்டும் செத்து, வெள்ளை ஈயும் செம்பேனும் பெருகும். நெல்லில் அடித்தால் புகையான் பெருகும்.

தவிர்க்க முடியாமல் தெளிப்பதானால் மாலையில் தெளிக்க வேண்டும். தேனீ கூடு திரும்பியிருக்கும், குளிர்ந்த நேரத்தில் மருந்தின் பிடியும் கூடும். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். காற்றுக்கு எதிராக நிற்கக் கூடாது.

யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அதில் உள்ள கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். சைபர்மெத்ரினோடு குளோர்பைரிபாஸ் அல்லது புரோபெனோபாஸ் கலந்த பாட்டில்களும் கடையில் உண்டு. அந்த வகைக்குக் கொடுக்கும் அட்ரோபின் ஊசி, தனி சைபர்மெத்ரினுக்கு மாற்று மருந்து அல்ல. எந்த வைத்தியம் என்று டாக்டர் முடிவுசெய்ய, பாட்டிலில் உள்ள பெயர்தான் துணை.